விமான நிலையப் புத்தக ரேக்கை யார் அடுக்குகிறார்கள்?

சிறிய விமான நிலையங்களில் புத்தகத்துக்கென்று தனிக் கடை இருப்பது அபூர்வம். தண்ணீர் பாட்டில், சார்ஜர் வயர், கழுத்துத் தலையணை, தலைவலி மாத்திரை, பொம்மை எல்லாம் விற்கிற ஒரே கடையில் ஒரு பக்கச் சுவரை ஒட்டி இரண்டு மூன்று ரேக் இருக்கும். அதுதான் புத்தகக் கடை. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, ஷூவை மாட்டி, கேட் எங்கே என்று பார்த்துவைத்த பிறகும் நாற்பது நிமிஷம் மிச்சமிருந்தால், படிக்கிற பழக்கம் உள்ளவருக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

போய் நின்றால் எங்கேயோ பார்த்த ரேக் மாதிரியே இருக்கும். கண் உயரத்தில் த்ரில்லர்கள். அதை ஒட்டி, பணம் சேர்ப்பது, நல்ல பழக்கங்களை வளர்ப்பது, ஆட்களை வழிநடத்துவது பற்றிய புத்தகங்கள். முழங்கால் உயரத்தில் குழந்தைகளின் ஸ்டிக்கர் புத்தகம். ஓரத்தில் அந்த ஊரைப் பற்றிய வழிகாட்டி. கவிதைக்கு இடமே இருக்காது. இதைப் பார்த்துவிட்டு, கடைக்காரருக்கு ரசனை போதாது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. கல்லாவில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ அந்தத் தேர்வில் பெரிதாகப் பங்கு ஏதும் இல்லை. ரேக்கை அடுக்குவதில் முதல் கை வாடகையுடையது. வாடகைக்கும் வழிப்பயணப் புத்தகத்துக்கும் உள்ள உறவு, விமானம் பறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

1848இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில் டபிள்யூ.ஹெச். ஸ்மித் நிறுவனம் ஒரு புத்தக ஸ்டாலைத் திறந்தது. ரயில் கம்பெனிக்கு வாடகை கொடுத்து, அந்தப் பாதையின் நிலையங்களில் விற்கிற உரிமையை வாங்கிக்கொண்டது. அதுவரை ரயிலடிகளில் கண்டபடி மலிவுச் சரக்கு விற்கிறது என்று புகார் இருந்தது. ஸ்மித் வந்ததும் சரக்கு ஒழுங்கானது, விற்பனை பெருகியது. அடுத்த ஆண்டே, 1849இல், ரவுட்லெட்ஜ் பதிப்பகம் 'ரயில்வே லைப்ரரி' என்ற மலிவு வரிசையைத் தொடங்கியது. ரயிலில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்காகவே புத்தகத்தின் அளவையும் விலையையும் அட்டையையும் யோசித்தார்கள். இன்றைய விமான நிலைய நாவலுக்கு அதுவே பாட்டன்.

லூயி அஷெத் என்ற பிரெஞ்சுப் பதிப்பாளர் 1851இல் உலகப் பொருட்காட்சிக்காக லண்டன் வந்தபோது ஸ்மித்தின் ஸ்டால்களைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, 1853இல் 'ரயில்பாதை நூலகம்' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். வகைக்கு ஒரு நிறத்தில் அட்டை போட்டார். வழிகாட்டி நூல்களுக்குச் சிவப்பு, குழந்தைகளுக்கு இளஞ்சிவப்பு. வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கிறவருக்குத் தலைப்பைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை, தூரத்திலிருந்தே நிறம் சொல்லிவிட வேண்டும். இன்றைய ரேக்கிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. கறுப்புப் பின்னணியில் பெரிய எழுத்து என்றால் த்ரில்லர்; வெள்ளை அல்லது ஆரஞ்சுப் பின்னணியில் நாலே வார்த்தைத் தலைப்பு என்றால் சுயமுன்னேற்றம். சூட்கேஸை இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போகிறவரும் வகையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த இரண்டு ரயில்நிலையக் குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. அஷெத்தின் ஸ்டால்கள் வழிவழியாக வந்து, இன்று லகார்டேர் குழுமத்தின் 'ரிலே' கடைகளாகப் பல நாட்டு ரயில், விமான நிலையங்களில் நிற்கின்றன. ஸ்மித்தின் கதை இன்னும் சுவாரசியமானது. 1905இல் இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள் வாடகையை உயர்த்தக் கேட்டன. ஸ்மித் ஒப்புக்கொள்ளவில்லை. சுமார் 200 ஸ்டால்கள் கைவிட்டுப் போயின. உடனே நிறுவனம் ஊருக்குள், ஸ்டேஷனுக்குப் போகிற வழிகளில் கடைகளைத் திறந்தது. அப்படிப் பிறந்த கடைத்தெருக் கடைகள் நூறு ஆண்டுக்கு மேல் ஓடின. 2025இல் ஸ்மித் அந்தக் கடைத்தெருக் கடைகளை விற்றுவிட்டு, விமான நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனைக் கடைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. வாடகையால் ஸ்டேஷனை விட்டு வெளியே போன நிறுவனம், கடைத்தெருவில் வியாபாரம் இளைத்ததும் பயணிகளிடமே திரும்பி வந்துவிட்டது.

விமான நிலைய வாடகை வேறு தினுசு. பெரும்பாலும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக இருக்காது. விற்பனையில் ஒரு சதவீதம், அதோடு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியே தீரவேண்டிய ஆண்டுக் குறைந்தபட்சத் தொகை. இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். விமான நிலையங்களின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கடை, பார்க்கிங், விளம்பரம் போன்ற விமானம் சாராத வழிகளிலிருந்து வருகிறது. அதனால் நிலைய நிர்வாகம் இதை விட்டுக்கொடுக்காது. பெரிய நிலையத்தில் கூட்டம் இருக்கிறது, சமாளிக்கலாம். ஒரு நாளைக்குச் சில விமானங்களே வந்துபோகிற சிறிய நிலையத்தில், இரண்டு விமானங்களுக்கு நடுவே மணிக்கணக்கில் யாரும் வரமாட்டார்கள். அடுத்த விமானத்தின் கூட்டம் உள்ளே வருகிற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அன்றைய வியாபாரமே.

இதனால் ரேக்கின் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு பார்க்கிறார்கள். ஒரு மீட்டர் நீளத் தட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டரை செ.மீ. தடிமன் உள்ள புத்தகங்களை முதுகு தெரிகிற மாதிரி வைத்தால் நாற்பது தலைப்பு நிற்கும். அதே தட்டில் முன்னட்டை தெரிகிற மாதிரி வைத்தால், சாதாரண பேப்பர்பேக்கின் அகலம் 129 மி.மீ. என்பதால், ஏழே ஏழு தலைப்புதான் நிற்கும். நகரத்துப் புத்தகக் கடை நாற்பதைத் தேர்ந்தெடுக்கும், விமான நிலையக் கடை ஏழைத் தேர்ந்தெடுக்கும். அவசரத்தில் இருக்கிறவர் கழுத்தைச் சாய்த்து முதுகெழுத்தைப் படிக்கமாட்டார். அட்டை முகத்துக்கு நேராக இருந்தால்தான் கை நீளும். மீதி முப்பத்து மூன்று புத்தகங்களும் தரத்தால் தோற்கவில்லை, அகலத்தால் தோற்றன. போதாக்குறைக்கு, பல நாடுகளில் கண்ணுக்கு நேரான இடத்துக்குப் பதிப்பகங்கள் கடைக்குப் பணம் கொடுக்கிற வழக்கமும் உண்டு. 'நம்பர் 1' என்று மாட்டியிருக்கிற எல்லா அட்டைகளும் விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து வந்தவை என்று நம்பிவிட வேண்டாம்.

விற்காததை என்ன செய்வார்கள்? திருப்பி அனுப்புவார்கள். விற்காத பிரதியைப் பதிப்பகமே திரும்ப எடுத்துக்கொள்கிற ஏற்பாடு, 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் பரவியது. கடைக்காரர் பயமில்லாமல் ஆர்டர் போட இது வழிசெய்தது. ஆனால் மலிவான பாக்கெட் அளவுப் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிற செலவே அதன் மதிப்பைத் தின்றுவிடும். அதனால் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும், உள்ளே இருப்பதைக் கூழாக்கிவிடலாம் என்று வைத்தார்கள். அந்த வகைப் புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டினால், அட்டையில்லாத பிரதியை வாங்காதீர்கள், அது அழிக்கப்பட்டதாகக் கணக்கு காட்டப்பட்டது என்ற பொருளில் ஒரு சின்ன எச்சரிக்கை இருக்கும். முழுப் புத்தகம் ஒன்று அட்டை போனதால் காகிதக் கழிவாகிவிடுவது எனக்கு எப்போதும் மனசைப் பிசைகிற விஷயம். அந்த அளவே இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பெரிய விநியோக நிறுவனமான ரீடர்லிங்க், 2025 முடிவோடு அந்த வகைப் புத்தகங்களின் விநியோகத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றின் இடத்தில் கொஞ்சம் பெரிய, கொஞ்சம் விலை கூடிய பேப்பர்பேக்குகள் வந்து உட்கார்கின்றன.

விமான நிலையக் கடைக்கு மட்டுமே உரிய ஒரு விசேஷமும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் ரேக்கைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ஊருக்குள் ஒரு புதிய நாவல் கெட்டி அட்டையில் மட்டும் வந்திருக்கும். அதே வாரத்தில் விமான நிலையத்தில் அது பெரிய அளவு பேப்பர்பேக்காகக் கிடைக்கும். பிரிட்டிஷ் பதிப்பகங்கள் இதை 'ஏற்றுமதி மற்றும் விமான நிலையப் பதிப்பு' என்ற கணக்கில் தனியாக அச்சிடுகின்றன. 234 × 153 மி.மீ. அளவு, கெட்டி அட்டைப் புத்தகத்தின் அதே பக்கங்கள், அட்டை மட்டும் மெல்லியது.

ஏன் இந்தத் தனிச் சலுகை? பயணி கெட்டி அட்டையைச் சுமக்கமாட்டார் என்பது ஒரு காரணம். இன்னொன்று வியாபார எல்லை. பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் இருக்கும் கடைக்குப் பயணச்சீட்டு உள்ளவர்தான் வரமுடியும். உள்ளூர்க்காரர் மலிவுப் பிரதிக்காக அங்கே நுழைய முடியாது என்பதால், ஊருக்குள் கெட்டி அட்டை விற்பனை கெடாது. அதோடு, ஐரோப்பா போன்ற இடங்களில் ஆங்கிலப் புத்தகங்களுக்கு பிரிட்டிஷ் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஒரே ரேக்கில் மோதுகின்றன. யார் மெல்லிய அட்டையில் முந்திக்கொள்கிறாரோ அவர் பிரதி போகும்.

இதுவும் பழைய வித்தையே. லைப்ஸிக் நகரின் டவுஹ்னிட்ஸ் பதிப்பகம் 1841 முதல் ஆங்கில நூல்களை மலிவான காகித அட்டையில், ஐரோப்பியப் பயணிகளுக்காக அச்சிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்தது. பதிலுக்கு, அந்தப் பிரதிகளை பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பயணிக்காகவே ஒரு பதிப்பு, பயணியோடு அதற்கும் ஓர் எல்லைக்கோடு. அப்போது கோடு கடலில் இருந்தது, இப்போது எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரேக்கில் அப்படி ஒரு பிரதியைப் பார்த்தால் எடுத்துப் புரட்டிவிடுங்கள்; பல மாதம் கழித்துத்தான் ஊருக்குள் சாதாரண அட்டையில் வரும்.

பெங்குவின் பதிப்பகத்தின் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். தன் எழுத்தாளர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பதிப்பாளர் ஆலன் லேன், 1934இல் எக்ஸீட்டர் ரயில் நிலைய ஸ்டாலில் படிக்கிற மாதிரி ஒன்றும் கிடைக்காமல் நின்றார் என்றும், அதுவே பெங்குவினுக்கு வித்து என்றும் நிறுவனத்தார் சொல்வார்கள். 1935இல் முதல் பத்துப் புத்தகங்கள் ஆறு பென்ஸ் விலையில் வந்தன. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது லேனின் எரிச்சல். வழியில் இருக்கிறவருக்கு இது போதும் என்று அலட்சியமாக நிரப்பிய ரேக்கின் மேல் வந்த எரிச்சல் அது. இன்றும் அந்த எரிச்சல் நியாயமானதுதான்.

சரி, பயணிக்கு எந்த மாதிரிப் புத்தகம் ஒத்துவரும்? இதில் உடம்புக்கும் பங்கு இருக்கிறது. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம், கடல்மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். கண் உலரும், எழுத்து சீக்கிரம் களைப்பூட்டும். நடுவில் அறிவிப்பு, தள்ளுவண்டி, ஜன்னலோரத்து ஆள் எழுந்து போவது. ஒரு பக்கத்தை மூன்று தடவை விட்டுவிட்டுப் படிக்க வேண்டிவரும். அதனால்தான் நாலைந்து பக்க அத்தியாயங்கள் உள்ள நாவல்கள் அங்கே செல்லுபடியாகின்றன. வேகமான கதையை மட்டமாகப் பேசுவது சுலபம். கண் எரிய, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறவரைப் பக்கத்துக்குப் பக்கம் நகர்த்துவது சின்ன வேலை இல்லை.

காகிதத்துக்கு ஒரு காலத்தில் விதியும் துணை நின்றது. கிண்டில் என்ற மின்புத்தகக் கருவி 2007 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவில் 2013 அக்டோபர் இறுதிவரை, விமானம் 10,000 அடியைத் தாண்டும்வரை மின்கருவிகளை அணைத்து வைக்கச் சொன்னார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் படிக்கக் காகிதத்தை விட்டால் வழியில்லை. அந்த விதி தளர்ந்த பிறகு ரேக்குகள் சுருங்கின. ஹெட்போனும் பவர் பேங்கும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டன. காகிதத்தையே தடுத்த சில நாட்களும் உண்டு. 2006 ஆகஸ்ட் 10இல் திரவ வெடிபொருள் சதி வெளிப்பட்டதும், பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பையை அடியோடு தடைசெய்தார்கள். பாஸ்போர்ட், பணப்பை, மருந்து மாதிரி அத்தியாவசியங்களை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போகலாம். புத்தகம் அந்தப் பட்டியலில் இல்லை. அட்லாண்டிக்கின் குறுக்கே ஏழெட்டு மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்து போனார்கள்.

முப்பது நாற்பது தலைப்பே இருக்கும் ரேக்குக்கு ஒரு பலம் உண்டு, அதை நான் முழு மனசோடு சொல்கிறேன். இணையக் கடையில் தேடினால் நாம் ஏற்கெனவே படித்ததற்கு உறவான புத்தகங்களே வந்துகொண்டிருக்கும். சிறிய ரேக்குக்கு நம்மைத் தெரியாது. விமானம் தாமதமாகிக் கிடந்த ஒரு நாளில், வேறு எதுவும் பிடிக்காமல், மண்ணைப் பற்றிய ஒரு அறிவியல் புத்தகத்தை எடுத்தேன். மண்புழுவும், பூஞ்சை வேரோடு நடத்துகிற கொடுக்கல் வாங்கலும் என் பக்கமே வராத விஷயங்கள். இறங்கும்போது பாதி முடித்திருந்தேன், அப்புறம் அந்தத் துறையில் வரிசையாகத் தேடிப் படித்தேன். தேர்வு குறைவாக இருந்ததால் கிடைத்த புத்தகம் அது.

ரேக்கின் முன் நிற்கும்போது சில விஷயங்களைக் கவனிக்கலாம். கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பியுங்கள், காசு கொடுத்துப் பிடித்த இடங்கள் மேலே இருக்கும், கடையில் தங்கிப்போன நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, முதுகு காட்டி நிற்கும். பின்னட்டைப் புகழுரைகளை விட்டுவிட்டு முதல் பக்கத்தைப் படியுங்கள், பிறகு நடுவில் எங்கேயாவது ஒரு பக்கம். முதல் பக்கத்தை எல்லோரும் செதுக்குவார்கள், நடுப்பக்கத்தில்தான் எழுத்தாளரின் வழக்கமான நடை தெரியும். த்ரில்லர் என்றால் அது ஒரு வரிசையின் நான்காவது, ஐந்தாவது பாகமா என்று உள்பக்கப் பட்டியலைப் பாருங்கள். அட்டையில் அதைச் சொல்லமாட்டார்கள். எழுத்தின் அளவைக் கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இருக்கைக்கு மேலே எரியும் சிறு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எடையும் பார்க்க வேண்டியதுதான்: கைப்பைக்கு 7 கிலோ என்று கறாராக நிற்கிற விமான நிறுவனங்கள் பல; முந்நூறு பக்க பேப்பர்பேக் ஏறத்தாழ கால் கிலோ, பெரிய அளவுப் பதிப்பு அதைப்போல் இரண்டு மடங்குக்கு வந்துவிடும்.

அப்புறம் அந்த ஓரத்து ரேக், ஊரைப் பற்றியது. சிறிய விமான நிலையத்துக்குப் போனால் நான் முதலில் தேடுவது அதைத்தான். அந்த வட்டாரத்துப் பறவைகள், பழைய கட்டடங்கள், உள்ளூர் எழுத்தாளரின் நினைவுக் குறிப்பு, சின்னப் பதிப்பகம் அச்சிட்ட வரலாறு. இவை பெரிய நிலையங்களில் கிடைக்காது, இணையத்திலும் பெயர் தெரிந்தால்தான் கிடைக்கும். மற்ற ரேக்குகளைத் தலைமை அலுவலகம் அனுப்புகிற வரைபடத்தின்படி அடுக்குகிறார்கள். இந்த ஒரு தட்டில்தான் பல கடைகளில் உள்ளூர் ஆளின் கை தெரியும்.

வாங்கிப் படித்ததும் புத்தகம் வீட்டில் சேர்ந்தாக வேண்டும் என்றில்லை. ஸ்மித் 1860இலேயே தன் ஸ்டால்கள் வழியாக இரவல் நூலகம் நடத்தினார். அது நூறு ஆண்டு ஓடி 1961இல் நின்றது. அமெரிக்க விமான நிலையங்களில் பாரடீஸ் கடைகள் 2003 முதல், வாங்கிய புத்தகத்தை ஆறு மாதத்துக்குள் ரசீதோடு கொண்டுவந்தால் பாதி விலையைத் திருப்பிக் கொடுக்கிற திட்டத்தை நடத்தின. திரும்பி வந்த பிரதி பழைய புத்தகமாக மறுபடி ரேக்குக்குப் போனது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் 2010இல் ஒரு நூலகத்தையே திறந்தது. மில்வாக்கி விமான நிலையத்தில் 1979 முதல் பழைய புத்தகக் கடை ஒன்று நடக்கிறது. அதன் நகரத்துக் கடை 2011இல் மூடப்பட்டது, விமான நிலையக் கிளை பிழைத்துக்கொண்டது.

கல்லாவுக்குப் போகும்போது, பார்கோடின் கீழே இருக்கும் எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 2007 முதல் 13 இலக்கம், பெரும்பாலும் 978 என்று தொடங்கும். அது பீப் அடித்த நொடியில் விற்பனை பதிவாகிறது, அடுத்த ஆர்டரை அந்தப் பதிவுதான் தீர்மானிக்கிறது. நூறு பிரதி அடுக்கியிருக்கும் பெரிய கடையில் ஒரு விற்பனை ஒன்றுமில்லை. தலைப்புக்கு இரண்டே பிரதி வைத்திருக்கும் சிறிய கடையில் நீங்கள் வாங்குகிற ஒன்று, அந்தப் புத்தகத்தின் பாதிச் சரக்கு. தேடியது கிடைக்காவிட்டால் பெயரைக் கல்லாவில் சொல்லிவிட்டு வரலாம். அந்த வட்டாரத்தைப் பற்றிய புத்தகமாக இருந்தால், அடுத்த முறை போகும்போது ஓரத்துத் தட்டில் அது நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.